கடிதத்தின் கடைசிப் பத்தி

கேள்வி:

வணக்கம் மேடம். பி.எஸ்சி. வேதியியல் கடைசி செமஸ்டரில் இருக்கிறேன். ஒரு மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை கிடைத்திருக்கிறது. எம்.எஸ்சி. படிக்கவும் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு இடத்துக்கும் மூன்று வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். புது மருந்து கண்டுபிடிக்கும் குழுவில் வேலை செய்ய வேண்டும் என்பது பள்ளி நாளிலிருந்தே என் ஆசை. அப்பா இன்னும் ஒன்றரை வருடத்தில் ஓய்வு பெறுகிறார். தம்பி பள்ளியில் படிக்கிறான். "இப்போது விட்டால் அப்புறம் புத்தகத்தைத் தொடவே மாட்டாய்" என்கிறார் என் பேராசிரியர். வகுப்பில் பாதிப் பேர் மேலே படிக்கப் போகிறார்கள். எனக்கு இன்டர்வியூ என்றாலே கைகால் நடுங்கும். இந்த வேலைகூட எப்படியோதான் கிடைத்தது. இன்னும் இரண்டு வருடம் படித்தால் தைரியம் வந்துவிடும் என்று தோன்றுகிறது.

இன்னொன்று. ப்ராஜெக்டில் எனக்குக் கொடுத்த, கார்பனோடு கார்பனை இணைக்கும் கிரிக்னார்டு வினை நான்கு வாரம் வரவே இல்லை. கடைசியில் கரைப்பானில் ஈரம் இருப்பதைக் கண்டுபிடித்து, புதிதாக உலர்த்திச் செய்தபோது வந்துவிட்டது. அன்று இரவு சந்தோஷத்தில் தூக்கமே வரவில்லை. இதை ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை படித்ததும், "வேலைக்குப் போங்கள், அப்பாவுக்கும் உதவியாக இருக்கும்" என்று எழுதத்தான் நினைத்தேன். மூன்றாவது முறை படித்தபோது மனம் மாறிவிட்டது. எம்.எஸ்சி. சேருங்கள். இதுதான் என் பதில். ஆனால் அதற்காக நீங்கள் வரிசையாகச் சொன்ன காரணங்களில் ஒன்றுகூட என்னைச் சம்மதிக்க வைக்கவில்லை. காரணம் என்றே நினைக்காமல் கடைசியில் எழுதினீர்களே, அந்த ஈரக் கரைப்பான் பத்தி, அதுதான் சம்மதிக்க வைத்தது. இரண்டு நிபந்தனைகளும் வைக்கிறேன். அவற்றில் ஒன்று சரிப்படாவிட்டாலும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வேலையைப் பற்றி. நானும் பட்டப்படிப்பு முடித்த கையோடு தரக்கட்டுப்பாட்டு லேபில் சேர்ந்து ஐந்து வருடம் இருந்தவள். அந்த வேலையை யாரும் குறைத்துப் பேசினால் எனக்குக் கோபம் வரும். ஒரு மாத்திரை நோயாளியின் கைக்குப் போகுமுன் அதில் மருந்து சொன்ன அளவில் இருக்கிறதா, சொன்ன நேரத்துக்குள் கரைகிறதா, கூடாத பொருள் ஏதாவது கலந்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். கலவையில் இருப்பவற்றைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியை ஓட்டக் கற்றுக்கொள்வீர்கள். செய்ததைச் செய்த நிமிடத்திலேயே பதிவேட்டில் எழுதும் பழக்கம் வரும். எழுதாவிட்டால் செய்யாததற்குச் சமம் என்பது அங்கே சட்டம். இன்றும் என் கை அப்படித்தான் பழகியிருக்கிறது.

ஆனால் அந்த லேபில் உங்களிடம் கேட்கப்படுவது ஒன்றுதான்: எழுதி வைத்திருக்கும் முறையை எழுதியபடியே செய்ய வேண்டும். நேற்று செய்த மாதிரியே இன்றும், இன்று செய்த மாதிரியே அடுத்த வருடமும். கரைப்பானின் அளவை ஒரு சொட்டு மாற்றிப் பார்க்கலாமே என்று உங்களுக்குத் தோன்றினால் அங்கே அது தவறு. தவறாக இருப்பதும் சரிதான், நோயாளியின் உயிர் சம்பந்தப்பட்டது. எப்போதாவது ஒரு முடிவு வரம்புக்கு வெளியே போய்விட்டால், எங்கே பிழை என்று தேடும் நாட்கள் வரும். எனக்குப் பிடித்த நாட்கள் அவைதான். ஐந்து வருடத்தில் அவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நீங்கள் போக நினைக்கும் இடம் வேறு. புது மருந்து கண்டுபிடிக்கும் குழுவில் இருப்பவர்கள் இதுவரை யாரும் செய்யாத மூலக்கூறைச் செய்யப் பார்க்கிறார்கள். பெரும்பாலான நாட்கள் வராது. ஏன் வரவில்லை என்று யோசிப்பதே அன்றாட வேலை. இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கலாம், வாசலில் ஒரே பெயர்ப்பலகை தொங்கலாம், ஆனால் பாதை ஒன்றல்ல. தரக்கட்டுப்பாட்டிலிருந்து அந்தப் பக்கம் மாறிப் போனவர்கள் உண்டு. நான் பார்த்தவர்களில் அநேகமாக எல்லோரும் நடுவில் ஒரு படிப்பை முடித்துவிட்டுத்தான் போனார்கள்.

அதனால் "படிப்பா, வேலையா" என்று தராசில் வைத்துப் பார்க்காதீர்கள். இந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கும், அந்தக் கதவு பட்டம் இல்லாமல் திறக்குமா? இது மட்டும்தான் கேள்வி. மருந்து கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு நேர்மையான பதில், அநேகமாகத் திறக்காது என்பதுதான். பி.எஸ்சி.யோடு உதவியாளராக நுழைய முடிகிற இடங்கள் இருக்கின்றன. எந்த மூலக்கூறைச் செய்வது என்று முடிவெடுக்கும் நாற்காலிக்கு முதுநிலைப் பட்டமும், பெரும்பாலும் பிஎச்.டி.யும் கேட்கிறார்கள். என்னையும் அங்கேதான் தடுத்தார்கள். நான்காவது வருடத்தில், நானே கருவி ஓட்டச் சொல்லிக்கொடுத்த பெண் எனக்கு மேலதிகாரியாக வந்தாள். அவளிடம் எம்.எஸ்சி. இருந்தது, என்னிடம் இல்லை. அவள் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, நல்ல பெண். ஆனால் அன்று வீட்டுக்குப் போய் வெகுநேரம் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாத் துறைக்கும் இதே பதில் பொருந்தாது. உங்கள் தோழிகள் படித்துவிட்டுத் தங்களுக்கும் இதுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாதே என்பதற்காகச் சொல்கிறேன். பட்டம் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, கற்றுக்கொடுக்கிறது. கேரி பெக்கர் என்ற பொருளியலாளர் 1964-இல் எழுதிய புத்தகத்தில் படிப்பை மனிதர்கள் மீது போடும் முதலீடாகவே கணக்கிட்டார். இன்னொன்று, அடையாளம் காட்டுகிறது. மைக்கேல் ஸ்பென்ஸ் என்ற இன்னொரு பொருளியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரையின் சாரம் இது: வேலை கொடுப்பவருக்கு முன்பின் தெரியாதவர்களில் யார் திறமைசாலி என்று கண்டுபிடிக்க வழி இல்லை, அதனால் கடினமான படிப்பை முடித்தவர் என்பதையே ஒரு குறியாக வைத்துக்கொள்கிறார். இருவருமே பிற்பாடு நோபல் பரிசு பெற்றார்கள். நிரல் எழுதும் வேலையில், செய்து முடித்த வேலையைக் காட்டியே அந்தக் குறியைச் சம்பாதித்துவிடலாம். மேலாண்மைப் படிப்பில், பேர்பெற்ற கல்லூரிகள் பலவும் சில வருட வேலை அனுபவத்தோடு வருகிறவர்களையே விரும்புகின்றன. அங்கே முதலில் வேலைக்குப் போவதுதான் சரி. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துவது போன்ற வேலைகளில் பட்டம் இல்லாமல் வாசல் தாண்ட முடியாது. ஆராய்ச்சி வேதியியலில் விஷயம் கைகளில் இருக்கிறது. காற்றும் ஈரமும் படாமல் வினை நடத்துவது, கலவையைப் பிரித்தெடுப்பது, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். வரைபடத்தைப் பார்த்து என்ன உருவாகியிருக்கிறது என்று சொல்வது, இதையெல்லாம் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் நிற்க, பல மாதம் செய்துதான் கற்க முடியும். அந்த இடத்தை உங்களுக்குத் தருவது பட்டப்படிப்பு.

இனி நீங்கள் சொன்ன காரணங்கள். வகுப்பில் பாதிப் பேர் போகிறார்கள் என்பதை விட்டுவிடலாம்.

பேராசிரியர் சொன்னதில் பாதி உண்மை. இடைவெளி விட்டால் மூளை துருப்பிடித்துவிடும் என்று அவர் நினைத்தால் அது உண்மை இல்லை. நான் இருபத்தேழு வயதில் திரும்பிப் போனேன். முதல் இரண்டு மாதம் என்.எம்.ஆர். வரைபடங்கள் வேற்று மொழி மாதிரி இருந்தன, மூன்றாவது மாதம் பழகிவிட்டது. கஷ்டமாக இருந்தது வேறு ஒன்று. மாதச் சம்பளத்துக்குப் பழகிய வீடு அது நின்றதும் தடுமாறியது. சம்பளம் வரத் தொடங்கினால் அதை நம்பிச் செலவுகள் வளரும், பொறுப்புகள் வந்து சேரும், திரும்புவது வருடத்துக்கு வருடம் கடினமாகும். பேராசிரியர் பார்த்திருப்பது இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். ஜி.ஆர்.இ. போன்ற நுழைவுத் தேர்வின் மதிப்பெண்கூட ஐந்து வருடம் செல்லும். "இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை" என்ற பயத்தில் மட்டும் சேராதீர்கள்.

இந்த இடத்தில் கெர்ட்ரூட் எலியன் என்ற அமெரிக்க மருந்து வேதியியலாளரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், அவருடைய கதை உங்கள் கதைக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. 1937-இல் நியூயார்க்கில் வேதியியல் பட்டம் பெற்றார். மேலே படிக்கப் பணம் இல்லை. பெண் என்பதால் உதவித்தொகையும் கிடைக்கவில்லை, லேப் வேலையும் கிடைக்கவில்லை. சம்பளமே இல்லாமல் ஒரு லேபில் உதவியாளராகச் சேர்ந்தார். பிறகு பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே இரவிலும் வார விடுமுறையிலும் ஆய்வு செய்து 1941-இல் முதுநிலைப் பட்டம் வாங்கினார். அதன் பிறகும் கிடைத்தது ஓர் உணவு நிறுவனத்தில் தரச் சோதனை வேலை. ஊறவைத்த வெள்ளரிக்காயின் புளிப்பைச் சோதிப்பார், முட்டை மஞ்சள்கருவின் நிறத்தைப் பார்ப்பார். அங்கே கற்க வேண்டியதைக் கற்று முடித்துவிட்டோம் என்று தோன்றியதும் கிளம்பினார். 1944-இல் ஜார்ஜ் ஹிட்சிங்ஸின் மருந்து ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார். மாலையில் பிஎச்.டி. படிக்கத் தொடங்க, முழுநேரமாக வந்தால்தான் தொடரலாம் என்றார்கள். வேலையை விட மனம் வராமல் பிஎச்.டி.யை விட்டார். ரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோபியூரினும், மாற்றுச் சிறுநீரகத்தை உடல் ஒதுக்கிவிடாமல் காக்கும் அசத்தியோபிரினும் அந்தக் குழுவில்தான் பிறந்தன. 1988-இல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பிஎச்.டி. இல்லாமலே சாதிக்கலாம் என்று காட்டுவதற்காக இந்தக் கதையைச் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். போர்க்காலத்தில் ஆண்கள் இல்லாமல் லேப்கள் காலியாகக் கிடந்ததால்தான் அவருக்குக் கதவே திறந்தது. அந்தக் கதவு இன்று அப்படித் திறப்பதில்லை. இதில் நீங்கள் பார்க்க வேண்டியது எலியன் ஒவ்வொரு இடத்திலும் தன்னைக் கேட்டுக்கொண்ட கேள்வியை: இங்கே நான் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேனா? முட்டைக்கரு லேபில் இல்லை என்று பதில் வந்தது, கிளம்பினார். ஹிட்சிங்ஸின் லேபில் ஆமாம் என்று வந்தது, பட்டத்தையே விட்டுக்கொடுத்து அங்கே இருந்தார்.

அடுத்து இன்டர்வியூ பயம். இது எனக்குக் கவலை தருகிறது, அதனால் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். பயத்துக்கு ஒளிந்துகொள்ளும் இடமாக எம்.எஸ்சி.யை வைத்துக்கொண்டால் அது உங்களைக் கைவிட்டுவிடும். இரண்டு வருடம் கழித்து அதே நாற்காலி, அதே மேசை, எதிரே அதே மாதிரி மூன்று பேர். அன்று உங்களிடம் எதிர்பார்ப்பு இன்னும் கூடியிருக்கும், அவ்வளவுதான். என்னோடு படித்த ஒருவர் இப்படித்தான் எம்.எஸ்சி. முடித்தார், வேலை தேடப் பயந்து பிஎச்.டி. சேர்ந்தார், நான்காவது வருடத்தில் பாதியில் நின்றார். அறிவில் எங்கள் எல்லோரையும்விட ஒரு படி மேல். இந்த ஆராய்ச்சி தனக்கு வேண்டுமா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வகுப்பு எப்போதும் தயாராக இருந்தது, ஏறிக்கொண்டே போனார்.

இன்டர்வியூ பயம் இன்டர்வியூக்குப் போனால்தான் குறையும். உங்களுக்கு அது தொடங்கியும் விட்டது. "எப்படியோ கிடைத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். பல வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவளாகச் சொல்கிறேன், வேலை எப்படியோ கிடைப்பதில்லை. கை நடுங்குவதை நாங்கள் பார்ப்போம். அதற்கு மதிப்பெண் குறைப்பதில்லை. சரியாக வராமல் போன ஒரு வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டால் எதிரே இருப்பவர் என்ன சொல்கிறார் என்றுதான் காத்திருப்போம். முக்கால்வாசிப் பேர் சமாளிப்பார்கள். யாராவது ஒருவர் முகம் மலர்ந்து, கரைப்பானில் ஈரம் இருந்ததைக் கண்டுபிடித்த கதையைச் சொல்வார். அவரைத்தான் எடுப்போம்.

நீங்கள் நான்கு வாரம் தோற்றிருக்கிறீர்கள். வழிகாட்டியிடம் வேறு வினை கேட்டு வாங்கவில்லை. கிரிக்னார்டு வினைக்கு ஈரம் எதிரி என்பது புத்தகத்திலேயே இருக்கிறது, ஆனால் தன் பாட்டிலுக்குள்ளேயே அந்த ஈரம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேறு விஷயம். ஆராய்ச்சி வாழ்க்கை முழுக்க இந்த நான்கு வாரம்தான் திரும்பத் திரும்ப வரும், சில சமயம் நான்கு மாதமாக வரும். அதைத் தாங்க முடியாதவர்கள்தான் நடுவழியில் நிற்கிறார்கள். நீங்கள் தாங்கியதோடு, அன்று இரவு தூங்காமல் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள். பள்ளி நாளிலிருந்தே ஆசை என்பதைவிட இதை நான் அதிகம் நம்புகிறேன்.

சரி, இப்போது நிபந்தனைகள்.

நீங்கள் சேரப் போகும் எம்.எஸ்சி.யில் ஆய்வுப் பகுதி எவ்வளவு என்று பாருங்கள். முழுக்கப் பாடமும் தேர்வும்தானா, குறைந்தது ஒரு செமஸ்டராவது லேபில் நின்று ஆய்வேடு எழுத வேண்டுமா? பெயரளவுக்கு ஒரு ப்ராஜெக்ட் வைத்திருக்கும் இடங்கள் நிறைய. இணையதளத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சென்ற மூன்று வருடங்களில் அங்கே முடித்தவர்களில் நாலைந்து பேரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். இப்போது எங்கே இருக்கிறீர்கள், கருவிகளை நீங்களே ஓட்டினீர்களா, தொழில்நுட்ப உதவியாளர் ஓட்டித் தந்தாரா, ஆய்வு வழிகாட்டி வாரத்தில் எத்தனை முறை லேபுக்குள் வருவார் என்று கேளுங்கள். ஆய்வு இல்லாத எம்.எஸ்சி. என்றால் உங்களுக்கு அது வேண்டாம். வேலைக்குப் போய்க்கொண்டே அடுத்த வருடம் நல்ல இடத்துக்கு விண்ணப்பியுங்கள்.

மற்றொன்று வீட்டுப் பணம். அப்பா ஓய்வு பெறப்போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா என்ன சொன்னார் என்று கடிதத்தில் எங்கேயும் இல்லை. அவரிடம் கேட்கவே இல்லை என்று தோன்றுகிறது. பெற்றோரின் கஷ்டத்தை நாமே மனதில் கணக்குப் போட்டுக்கொண்டு தியாகம் செய்வதும், நாமே போட்ட கணக்கை நம்பி வீட்டை மறந்துவிடுவதும், இரண்டுமே தவறாகப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரு தாளை எடுத்துக்கொண்டு அப்பாவோடு உட்காருங்கள். படிப்புக் கட்டணத்தோடு, இரண்டு வருடம் கைக்கு வராமல் போகும் சம்பளத்தையும் செலவுப் பக்கத்தில் எழுதுங்கள், அதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். தம்பி கல்லூரிக்குப் போகும் வருடத்தைக் குறியுங்கள். உதவித்தொகை கிடைக்க வழி இருக்கிறதா என்று துறையிலேயே கேளுங்கள்.

எம்.எஸ்சி.யோடு இந்தப் பாதை முடியாது என்பதையும் அன்றே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். பிஎச்.டி. பல நாடுகளில் உதவித்தொகையோடு வருகிறது, ஆனால் காலம் பிடிக்கும். ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுநிலைப் பட்டத்துக்குப் பிறகு மூன்று, நான்கு வருடம். அமெரிக்காவில் வேதியியல் பிஎச்.டி.க்கு முதுநிலைப் பட்டம் இல்லாமலும் எடுப்பார்கள், கட்டணம் போக மாதத்தொகையும் பொதுவாகத் தருவார்கள், ஐந்து வருடத்துக்கு மேல் ஆகலாம். உங்கள் முதல் முழுச் சம்பளம் தம்பியின் படிப்புக்கு உதவும் நேரத்தில் வராமல் போகலாம் என்பதைத் தெரிந்துகொண்டே அப்பா சரி என்று சொல்லட்டும்.

சமாளிக்க முடியாது என்று கணக்கு சொன்னால் வேலைக்குப் போங்கள், தயங்காமல் போங்கள். ஆனால் சேரும் நாளிலேயே கிளம்பும் நாளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வருடம் என்று. எம்.எஸ்சி. இடத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், சில பல்கலைக்கழகங்கள் அனுமதிக்கும். முதல் மாதத்திலிருந்தே சம்பளத்தில் ஒரு பங்கைப் படிப்புக்கென்று தனியாக ஒதுக்குங்கள், வீடு அந்தப் பணத்துக்குப் பழகாமல் இருக்கட்டும். நான் செய்யத் தவறியது இதுதான். புது முறைகளை உருவாக்கிச் சரிபார்க்கும் பிரிவு அங்கே இருந்தால் அந்தப் பக்கம் மாற்றக் கேளுங்கள், ஆராய்ச்சிக்கு அது கொஞ்சம் நெருக்கம்.

மூன்று வாரத்தில் முதல் வாரத்தை அப்பாவுக்கும் பழைய மாணவர்களுக்கும் கொடுங்கள். ஆனால் நாளைக்கே ஒரு வேலை இருக்கிறது. அந்த எம்.எஸ்சி. துறையில் கரிம வேதியியல் ஆய்வு செய்யும் பேராசிரியர்களில் ஒருவருடைய கட்டுரை ஒன்றை எடுத்துப் படியுங்கள். புரிந்த மட்டும் போதும். பிறகு அவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, உங்கள் லேபில் ஆய்வேடு செய்ய வாய்ப்பு இருக்குமா என்று கேளுங்கள். உங்களைப் பற்றி என்ன எழுதுவது என்று குழம்ப வேண்டாம். எனக்கு எழுதிய அந்தக் கடைசிப் பத்தியை, தூக்கம் வராத இரவு உட்பட, அப்படியே எழுதி அனுப்புங்கள். அவர் என்ன பதில் போட்டார் என்று எனக்கும் எழுதுங்கள்.